மூன்று கடைக்கும் ஒரே கணக்கு: இருவழி டேட்டாபேஸ் இணைப்பு போட்ட அனுபவம்

கோவை காந்திபுரத்தில் ஒரு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. அதே முதலாளிக்குப் பொள்ளாச்சியிலும் தாராபுரத்திலும் ஒவ்வொரு கடை இருக்கிறது. கண்டென்சர், பேரிங், புஷ், இம்பெல்லர் மாதிரி சின்னச் சாமான்கள் அந்தந்தக் கடை ரேக்கிலேயே இருக்கும். சப்மெர்சிபிள் மோட்டார், பைப் கட்டு, ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் கிணத்துக்கடவில் பொதுவான ஒரு குடோனில். பில் எந்தக் கடையில் விழுந்தாலும் பெரிய சரக்கு அந்தக் குடோனிலிருந்துதான் வண்டி ஏறும். இந்த மூன்று கடைக்கும் பில்லிங் மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் வேலை.

முன்பு சர்வர் கோவையில் மட்டும்தான். மற்ற இரண்டு கடையும் நெட் வழியாக அதில் வந்து பில் போடும். நெட் போனால் பில் நின்றுவிடும். சாலை வேலையில் ஃபைபர் அறுந்தாலும் அதே கதை, பராமரிப்பு மின்தடை நாளில் கோவை இன்வெர்ட்டர் காலியானாலும் அதே கதை. சித்திரை வெயிலில் காயில் கருகிய மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வரும் விவசாயிக்கு அன்றைக்கே மோட்டார் கிணற்றில் இறங்கியாக வேண்டும். அவரிடம் "சர்வர் வரலைங்க" என்று சொல்லி உட்கார வைக்க முடியாது. கையால் பில் எழுதிக் கொடுத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதில் சில விட்டுப்போகும், சில இரண்டு முறை ஏறும்.

முதலாளி ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, நெட்டு போனா கடையச் சாத்திப்போட்டு உக்கார முடியுங்களா? ஒவ்வொரு கடையும் தன்னால பில் போடோணும். நெட்டு வந்ததும் மூணும் தானா ஒண்ணு சேர்ந்துக்கோணும். அதுக்கு வழி பாருங்க."

அவர் சொன்னதற்குத்தான் எங்கள் பக்கத்தில் இருவழி ரெப்ளிகேஷன் என்று பெயர். ஒவ்வொரு கடையிலும் முழு டேட்டாபேஸ் இருக்கும், ஒவ்வொன்றிலும் எழுதலாம், எழுதியது மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும். சொல்ல எளிது. எனக்குப் புரிந்து முடிக்க நான்கு மாதம் ஆனது. இதே வேலையை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எதை எடுத்தேன்

ஏற்கெனவே இருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதில் டேபிள் டேபிளாக மாற்றங்களை அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலேயே உள்ளே வந்துவிட்டது. ஆனால் அது ஒருவழிக்குத்தான் சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் மாட்டினால், இங்கே எழுதியது அங்கே போகும், அங்கிருந்து திரும்ப இங்கேயே வரும், அதே பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஏற்கெனவே இருக்கிறதென்று முட்டி நிற்கும். 2023 செப்டம்பரில் வந்த 16-ஆம் பதிப்பில் இதற்கு ஒரு தீர்வு கொடுத்தார்கள். சப்ஸ்கிரிப்ஷனில், அதாவது மற்றொரு மெஷினின் மாற்றங்களை வாங்கிக்கொள்ளும் இணைப்பில், 'ஆரிஜின்' என்ற அமைப்பை 'நன்' என்று வைத்தால், அந்த மெஷினிலேயே பிறந்த மாற்றம் மட்டும் வெளியே போகும், வேறு இடத்திலிருந்து வந்தது மறுபடி கிளம்பாது.

சிம்மெட்ரிக்டிஎஸ், புகார்டோ இரண்டையும் பார்த்தேன். இரண்டும் இந்த வேலைக்கான தனி மென்பொருள்கள், டிரிக்கர் (டேபிளில் மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் சிறு நிரல்) வைத்து மாற்றங்களைப் பிடிப்பவை. நூறு கிளை இருந்து, ஒவ்வொரு கிளைக்கும் அதன் பங்கு டேட்டா மட்டும் போக வேண்டும் என்றால் நான் சிம்மெட்ரிக்டிஎஸ் பக்கம்தான் போயிருப்பேன். மூன்று கடைக்கு, டேட்டாபேஸின் உள்ளேயே இருப்பது போதும் என்று முடிவெடுத்தேன். இரவு பதினொரு மணிக்கு ஏதாவது நின்றால் நான் தேட வேண்டிய இடம் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் காரணம். அந்த முடிவில் இன்றுவரை மாற்றமில்லை.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு மினி பிசி. கிளைகளுக்கு நிலையான பொது ஐபி கிடைக்காததால், வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வரைச் சந்திப்புப் புள்ளியாக வைத்து, மூன்றையும் நெட் வழியே பூட்டிய தனிப்பாதை போடும் வயர்கார்டு சுரங்கத்தில் இணைத்தேன். 25 விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் சின்னச் செய்தி) வைத்தால் கிளைப் பக்கம் வழி மூடாமல் இருக்கிறது. இந்தப் பகுதி ஒரே நாளில் முடிந்தது, தொந்தரவும் தரவில்லை.

நடுவில் ஒரு கடை வைத்தால் போதாது

முதலில் கோவையை நடுவில் வைத்தேன். பொள்ளாச்சியும் கோவையும் இருவழி, தாராபுரமும் கோவையும் இருவழி. பொள்ளாச்சி பில் கோவைக்கு வரும், கோவையிலிருந்து தாராபுரம் போகும் என்பது என் கணக்கு.

என் வீட்டு மேசையில் மூன்று மெய்நிகர் மெஷின் வைத்துச் சோதித்தபோது பொள்ளாச்சியில் போட்ட பில் கோவையில் வந்தது. தாராபுரத்தில் வரவில்லை. லாகில் பிழை எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் ஃபயர்வாலைத் தோண்டினேன். அப்புறம்தான் விளங்கியது, நான் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது. 'ஆரிஜின் நன்' என்றால் கோவையில் பிறந்தது மட்டும்தான் கோவையிலிருந்து போகும். பொள்ளாச்சியில் பிறந்ததைக் கோவை வாங்கிக்கொள்ளும், அடுத்தவருக்குக் கைமாற்றாது. எங்கே பிறந்தாலும் அனுப்பு என்ற பொருளில் 'எனி' என்று மாற்றிப் பார்த்தேன். பொள்ளாச்சி பில் தாராபுரத்துக்கும் போனது, திரும்பிப் பொள்ளாச்சிக்கும் வந்து பிரைமரி கீயில் முட்டியது.

ஆக ஒவ்வொரு கடையும் மற்ற எல்லாக் கடையிடமும் நேராகக் கேட்க வேண்டும். மூன்று கடைக்கு 6 சப்ஸ்கிரிப்ஷன். நான்கு என்றால் 12, ஐந்து என்றால் 20. கடை கூடக்கூட இது எப்படிப் பெருகும் என்பதை முதல் நாளே தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

அடையாள எண்ணும் பில் எண்ணும்

சீக்வென்ஸ் (புது வரிக்கு அடுத்த எண்ணைத் தானாகக் கொடுக்கும் எண்ணி) ரெப்ளிகேஷனில் போகாது. மூன்று கடையும் தனித்தனியாக 1, 2, 3 என்று எண்ணினால் அன்றைக்கே மோதும். ஒவ்வொரு சீக்வென்ஸையும் பத்துப் பத்தாகத் தாவ விட்டு, கோவைக்குக் கடைசி இலக்கம் 1, பொள்ளாச்சிக்கு 2, தாராபுரத்துக்கு 3 என்று வைத்தேன். எண்ணைப் பார்த்தாலே எந்தக் கடையில் பிறந்தது என்று தெரியும். எங்கே உருவாக்கினாலும் மோதாத நீளமான அடையாளமான யுயுஐடி வைத்திருக்கலாம், தவறில்லை. ஆனால் போனில் "கடைசி இலக்கம் என்னங்க அக்கா?" என்று கேட்டு வேலையை முடிக்கும் வசதி எனக்குப் பெரிதாகப் பட்டது.

பில் எண் வேறு விஷயம். ஜிஎஸ்டி விதி 46-இன்படி அது தொடர் எண்ணாக, 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் மீண்டும் வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதனால் கடைக்கு ஒரு முன்னெழுத்து, கடைக்கு ஒரு தொடர். நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் விட்டுப்போகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கடையும் சாத்தியிருந்தபோது பழைய சர்வரை நிறுத்தி, ஒரே பேக்கப்பை மூன்று மெஷினிலும் ஏற்றினேன். டேட்டா ஏற்கெனவே ஒன்றாக இருப்பதால், ஆரம்ப நகலெடுப்பை அணைத்துவிட்டு ஆறு சப்ஸ்கிரிப்ஷனையும் போட்டேன். திங்கள் காலை கடை திறந்தது, பில் ஓடியது. கோவையில் போட்டது கண் இமைக்கும் முன் பொள்ளாச்சித் திரையில் வந்தது.

எட்டும் ஏழும், உண்மையில் ஐந்தும்

மூன்றாவது வாரம் பொள்ளாச்சியில் பராமரிப்பு மின்தடை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடியது, நெட் பெட்டி மட்டும் மதியத்துக்கு மேல் அணைந்துவிட்டது. பில் தடையில்லாமல் போட்டார்கள். இதற்குத்தானே இத்தனையும் என்று எனக்கு மனம் நிறைந்தது. மாலையில் நெட் வந்தது, எல்லாம் சேர்ந்தது, சப்ஸ்கிரிப்ஷன் நிலவரத்தில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை குடோன் பார்க்கும் அண்ணன் அழைத்தார். "ஏனுங் தம்பி, அஞ்சு எச்பி மோட்டாரு கோயமுத்தூர்ல ஏழுங்கறாங்க, பொள்ளாச்சில எட்டுங்கறாங்க. நான் எண்ணுனா அஞ்சுதானுங்க கெடக்குது. யாரு கணக்குங்க சரி?"

முந்தின நாள் காலையில் குடோனில் 10 மோட்டார். நெட் இல்லாத நேரத்தில் கோவையில் 2 விற்றது, அவர்கள் திரையில் 8 ஆனது. பொள்ளாச்சியில் 3 விற்றது, அவர்கள் திரையில் 7 ஆனது. நெட் வந்ததும் நடந்ததுதான் விஷயம். என் மென்பொருள் "இருப்பில் 2 கழி" என்றுதான் டேட்டாபேஸிடம் சொல்லியிருந்தது. ஆனால் ரெப்ளிகேஷன் அந்தக் கட்டளையை அனுப்புவதில்லை. கழித்த பிறகு அந்த வரி எப்படி இருக்கிறதோ, அதை அனுப்புகிறது. கோவை அனுப்பியது '8', பொள்ளாச்சி அனுப்பியது '7'. கோவை தன் 8-ஐ அழித்துவிட்டு வந்த 7-ஐ எழுதிக்கொண்டது. பொள்ளாச்சி தன் 7-ஐ அழித்துவிட்டு 8-ஐ எழுதிக்கொண்டது. இரண்டும் எண்ணை மாற்றிக்கொண்டன, இரண்டும் தப்பு. தாராபுரத்தில் எது கடைசியாக வந்ததோ அது நின்றது.

பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. இந்தப் பதிப்பில் அப்டேட் வந்தால், கீயை வைத்து வரியைக் கண்டுபிடித்து மேலே எழுதிவிடும், இங்கேயும் யாராவது இதை மாற்றினார்களா என்று கேட்காது. முட்டி நின்றிருந்தாலாவது அன்று மாலையே தெரிந்திருக்கும். இப்படிச் சத்தமில்லாமல் விலகுவதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

இதற்கு மேலே ஏதாவது மென்பொருள் வைத்து, கடைசியாக எழுதியவர் ஜெயிக்கட்டும் என்று விதி போடலாம். போட்டிருந்தால் எல்லாக் கடையிலும் 7 என்றோ 8 என்றோ ஒரே எண் நின்றிருக்கும். குடோனில் கிடந்தது ஐந்து. மூன்று கடையும் ஒத்துக்கொண்ட தப்பான எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வழி என் தாத்தாவின் பேரேட்டில் இருந்தது. அவர் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கெழுதியவர். மூட்டை வந்தால் ஒரு வரி, போனால் ஒரு வரி. எழுதியதை அடிக்கவே மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் அதைச் சரிக்கட்ட எதிர்ப்பதிவாக இன்னொரு வரி எழுதுவார். இருப்பு வேண்டுமென்றால் கூட்டிக் கழித்துக்கொள்வார்.

இருப்பு என்ற கட்டத்தையே டேபிளிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் சரக்கு வரவு செலவு டேபிள். கோவையில் விற்றால் 'கழித்தல் 2' என்று ஒரு புது வரி, கடைசி இலக்கம் 1. பொள்ளாச்சியில் விற்றால் 'கழித்தல் 3' என்று வேறொரு வரி, கடைசி இலக்கம் 2. இரண்டும் வேறு வேறு வரி, அதனால் ஒன்றின் மேல் ஒன்று விழ வழியே இல்லை. எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டினால் 5. பில் ரத்து என்றால் எதிர்ப்பதிவு, டெலிட் கிடையாது. அந்த டேபிளில் அப்டேட், டெலிட் உரிமையையே பில்லிங் யூசரிடமிருந்து பறித்துவிட்டேன். வேகத்துக்காக மாதக் கடைசியில் ஒரு இருப்புத் தொகுப்பு, அதைக் கோவை மட்டும் எழுதும்.

பில் விழுந்ததும் இந்த வரியை எழுத ஒரு டிரிக்கர் வைத்திருக்கிறேன். ரெப்ளிகேஷனில் வந்து சேரும் வரிகளுக்குச் சாதாரண டிரிக்கர் ஓடாது. இங்கே அது நமக்கு நல்லது. ஓடியிருந்தால் ஒரே விற்பனை மூன்று கடையிலும் மூன்று முறை கழிந்திருக்கும்.

இதிலும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் குடோனில் இருக்கும் கடைசி மோட்டாரை இரண்டு கடையும் விற்கலாம். கூட்டினால் கழித்தல் 1 வரும். கணக்கு சரிதான், சரக்கு இல்லை. இணைப்பு இல்லாமலும் விற்க வேண்டும், கடைசி ஒன்றை ஒருவர்தான் விற்க வேண்டும் என்ற இரண்டையும் ஒரு மென்பொருளும் சேர்த்துத் தராது. முதலாளியிடம் நேராகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே முடிவு சொன்னார்: "ரெண்டோ அதுக்குக் கீழயோ போனா குடோனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப்போட்டு வித்தா ஆச்சுங்க." இப்போது குடோன் இருப்பு 2 அல்லது அதற்குக் கீழ் வந்தால் பில் திரையில் குடோன் எண் சிவப்பில் வரும். இதுவரை அது போதுமானதாக இருக்கிறது.

ஒரே போன் நம்பர்

அடுத்தது வாடிக்கையாளர் டேபிள். போன் நம்பர் இரண்டு முறை வரக் கூடாது என்று பழைய காலத்திலேயே யுனிக் கட்டுப்பாடு வைத்திருந்தேன். ஒரு புது விவசாயி காலையில் பொள்ளாச்சியில் ஃபுட் வால்வு வாங்கினார். அவர் மகன் கோவையில் அதே நம்பரைக் கொடுத்து ஸ்டார்ட்டர் வாங்கினார். அந்த நேரம் இணைப்பு இல்லை.

இணைப்பு வந்ததும் பொள்ளாச்சி வரி கோவையில் முட்டியது, கோவை வரி பொள்ளாச்சியில் முட்டியது. தாராபுரத்தில் முதலில் வந்தது நுழைந்தது, இரண்டாவது முட்டியது. 5 விநாடிக்கு ஒருமுறை முயன்று, அதே பிழையை லாகில் எழுதிக்கொண்டே இருந்தது. ஒரு டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே பதிவாகும் மாற்றங்களின் தொகுப்பு) நின்றால் அதற்குப் பின்னால் வரிசையில் இருப்பதெல்லாம் நிற்கும். அனுப்பும் பக்கம், வாங்காதவருக்காக மாற்றப் பதிவுகளை டிஸ்கில் சேர்த்துக்கொண்டே போகும்.

முட்டிய டிரான்சாக்ஷனைத் தாண்டிப் போகச் சொல்ல 'ஸ்கிப்' கட்டளை இருக்கிறது. அதை அடிக்கப் போனவன், அடிக்கும் முன் அந்த டிரான்சாக்ஷனில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். வாடிக்கையாளர், பில், பில்லின் ஒவ்வொரு சாமான், சரக்குச் செலவு எல்லாம் ஒரே டிரான்சாக்ஷன். ஸ்கிப் செய்திருந்தால் அந்த முழு பில்லும் கோவைக்கு வராமலே போயிருக்கும். தயவுசெய்து அந்தக் கட்டளையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

யோசித்தால் கட்டுப்பாடுதான் தப்பு. அப்பாவும் மகனும் ஒரே நம்பரைக் கொடுப்பது நம் ஊரில் தினமும் நடப்பது. மூன்று மெஷினிலும் யுனிக்கை எடுத்துவிட்டு, வேகமாகத் தேடுவதற்கான சாதாரண இண்டெக்ஸ் போட்டேன். அடுத்த முயற்சியிலேயே வரிசை நகர்ந்தது, நான் வேறு எதையும் தொடவில்லை. ஒரே நம்பரில் இருப்பவர்களைக் கோவையில் இருக்கும் அக்கா வாரம் ஒருமுறை பார்த்து, ஒரே ஆள் என்றால் மட்டும் சேர்க்கிறார்.

அன்றைக்கே, வாங்காதவருக்காகச் சேரும் அந்த மாற்றப் பதிவுகளின் அளவுக்கு உச்சவரம்பும் வைத்தேன். வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. ஒரு கிளை மாதக்கணக்கில் வராவிட்டால் மற்ற கடைகளின் டிஸ்க் நிரம்பி அவையும் நின்றுவிடும். வரம்பைத் தாண்டினால் அந்தக் கிளையைத் திரும்ப முழுதாக ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு கடைக்காக மூன்றும் சாவதைவிட அது மேல்.

விலைப்பட்டியல், சாமான் பெயர், வரி விகிதம் இவற்றைக் கோவை மட்டும் எழுதும். காப்பர் விலை ஏறி இறங்குவதால் வைண்டிங் ஒயர் விலை அடிக்கடி மாறும். அதை இரண்டு பேர் மாற்றினால் என்ன ஆகும் என்பதை மோட்டார் கணக்கிலேயே பார்த்தாகிவிட்டது.

ஒவ்வொரு டேபிளையும் இப்படி இரண்டில் ஒன்றாகப் பிரித்துவிட்டேன்: சேர்க்க மட்டும் முடிவது, அல்லது ஒரே கடை எழுதுவது. இரண்டிலும் அடங்காதது வாடிக்கையாளர் டேபிள் ஒன்றுதான். இந்தப் பிரிப்பை இணைப்பு போடுவதற்கு முன்பே செய்திருந்தால் மூன்றாவது வாரத்து மோட்டார் குழப்பமும் வந்திருக்காது, போன் நம்பர் சிக்கலும் வந்திருக்காது.

ட்ரங்கேட்

தாராபுரம் மினி பிசியின் எஸ்எஸ்டி ஒரு நாள் செத்துப்போனது. புதிதாக ஏற்றுவதை முதலில் வீட்டு மேசையில் ஒத்திகை பார்த்தேன். டேபிளைக் காலி செய்துவிட்டுக் கோவையிலிருந்து நகல் எடுக்கலாம் என்று ட்ரங்கேட் அடித்தேன். மற்ற இரண்டு மெஷினிலும் அதே டேபிள் அடுத்த நொடியில் காலி. பப்ளிகேஷன் (எந்த மாற்றங்களை வெளியே அனுப்புவது என்ற அமைப்பு) போடும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் ட்ரங்கேட்டும் சேர்ந்தே போகும். ஒத்திகை மெஷின் என்பதால் தப்பித்தோம். இப்போது மூன்று கடையிலும் இன்சர்ட், அப்டேட், டெலிட் மட்டும்தான் வெளியே போகும்.

அதனால்தான் தனி பேக்கப்பும் தினமும் எடுக்கிறேன். தப்பாக அழித்தது ஒரு நொடியில் மூன்று இடத்திலும் அழிந்துவிடும், ரெப்ளிகேஷன் அதைக் காப்பாற்றாது.

டேபிளில் புதுக் கட்டம் சேர்ப்பது போன்ற மாற்றங்களும் தானாகப் போகாது. கடை சாத்திய பிறகு மூன்று மெஷினிலும் நானே சேர்த்து, சரிபார்த்த பிறகுதான் புது மென்பொருளை விடுகிறேன்.

தினமும் ஒன்பதரை

இணைப்பு பச்சையாகக் காட்டினால் கணக்கு சரி என்று இப்போது நான் நம்புவதில்லை. இரவு ஒன்பதரைக்கு ஒவ்வொரு மெஷினும் கடைவாரியாக அன்றைய பில் எண்ணிக்கை, தொகை, சரக்கு வரிகளின் எண்ணிக்கை, அளவின் கூட்டல் ஆகியவற்றைக் கணக்கிடும். ஒவ்வொன்றும் மூன்று கடையின் கணக்கையும் தன் டேட்டாவிலிருந்தே சொல்லும். மூன்று பதிலும் ஒத்துப்போனால் என் போனுக்கு 'சரி' என்று ஒரு செய்தி. ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கடை, எந்தக் கட்டம் என்று வரும். செய்தியே வராவிட்டால் அதுவும் பிழைதான், பத்து மணிக்கு நானே பார்ப்பேன்.

மாதம் ஒருமுறை குடோன் அண்ணன் மோட்டார்களை எண்ணிச் சொல்கிறார். போன மாதம் அஞ்சு எச்பி 14 என்றார். மூன்று திரையிலும் 14. "இப்ப சரியா இருக்குதுங் தம்பி" என்று போனை வைத்தார்.

காங்கயத்தில் நான்காவது கடைக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். கடைசி இலக்கம் 4 ஒதுக்கியாகிவிட்டது. 12 சப்ஸ்கிரிப்ஷனையும் இந்த ஞாயிறு வீட்டு மேசையில் நான்கு மெஷின் வைத்துப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.